துணைக்குப் போகிற ரீச்சர்

எழுபத்தொன்பதில் என்னைக் கூடைப்பந்து உதவிப் பயிற்றுவிப்பாளர் ஆக்கினார்கள். விளையாட்டுத் தெரியும் என்பதற்காக அல்ல. பெண்பிள்ளைகளை வெளியூர்ப் போட்டிக்குக் கொண்டுபோவதென்றால் கூட ஒரு பொம்பிளை போகவேண்டும் என்று தாய்தகப்பன்மார் ஒற்றைக்காலில் நின்றார்கள். வவுனியாவில் எங்கள் கல்லூரியில் கல்யாணம் ஆகாத, வீட்டில் பிள்ளைகுட்டி காத்திராத ஆசிரியை நான் ஒருத்திதான். மனையியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அதிபர் கூப்பிட்டு, "நீங்கள் சும்மா கூடப் போய் வந்தால் காணும்," என்றார். அந்தச் சும்மாவைக் கேட்டு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்தக் கோபத்தில்தான் விளையாட்டைப் படித்தேன். தலைமைப் பயிற்றுவிப்பாளர் யாழ்ப்பாணத்தில் விளையாடிப் பேரெடுத்த சேர். நல்ல மனிதர், ஆனால் பந்தைப் பார்ப்பாரே தவிர பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கமாட்டார். நான் முகத்தைப் பார்த்தேன். எவளுக்கு வயிற்றுக்குத்து, எவள் காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறாள், எவள் கோபம் போட்டுக்கொண்டு மற்றவளுக்குப் பந்தைக் கொடுக்காமல் விடுகிறாள் என்பதெல்லாம் மைதான ஓரத்து வாங்கில் இருந்தபடியே சொல்லிவிடுவேன். போகப்போக, ஆளை மாற்றுவதற்கு முன் சேர் என்னிடம் ஒரு சொல் கேட்கத் தொடங்கினார். எனக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு அதுதான்.

ஆனாலும் என் வேலையில் பாதி வீடுகளில்தான் நடந்தது. போட்டி வந்தால் சைக்கிளிலும் பஸ்ஸிலுமாக வீடு வீடாகப் போகவேண்டும். நெளுக்குளத்தில் இருந்தவர்கள் எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்டு வந்து குடியேறியவர்கள். "டீச்சர் கூட்டிக்கிட்டுப் போறீங்கன்னா சரிதாங்க," என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். நெடுங்கேணிப் பக்கத்து யாழ்ப்பாணத்து ஆட்கள் அப்படியல்ல. கதிரையைத் துடைத்துப் போட்டு, தேத்தண்ணி தந்து, மழையும் வயலும் கதைத்து முடித்த பிறகுதான் விஷயத்துக்கு வருவார்கள். இரண்டு பகுதியாருக்கும் நான் கொடுத்த வாக்கு ஒன்றுதான். "கொண்டுபோன மாதிரியே கொண்டுவந்து தருவன்." ஒரு பிள்ளையைக்கூடத் தவறவிட்டதில்லை.

அந்த நல்ல பெயர்தான் எனக்கு வினையாகப் போயிற்று. எண்பத்துநாலுக்குப் பிறகு ஊரெல்லாம் ஆமியும் சண்டையும். வயதுக்கு வந்த பிள்ளை வீட்டில் இருந்தால் தாய்க்கு நித்திரை இல்லை. ஜேர்மனியில் மாமன், கனடாவில் பெரியப்பாவின் மகன் என்று யாராவது இருந்தவர்கள் பிள்ளைகளை அனுப்பத் தொடங்கினார்கள். ஆனால் கொழும்புவரை யார் கொண்டுபோய் விடுவது? தகப்பன் போனால் ஆமி தகப்பனைப் பிடிப்பான். அண்ணன் போனால் அவன் திரும்பி வருவான் என்று நிச்சயமில்லை. ஒருநாள் ஒரு தாய் என் வாசலில் வந்து நின்று, "ரீச்சர், நீங்கள் மட்சுக்குக் கூட்டிக்கொண்டு போறமாதிரி..." என்று இழுத்தார். முதலில் எனக்கு விளங்கவில்லை. விளங்கியபோது மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

அப்படித் தொடங்கியதுதான். பிள்ளை கல்லூரி உடுப்போடு வருவாள். என் கையில் வலைப்பைக்குள் பந்து இருக்கும். றோட்டில் சோதனைக்கு நிற்கிற சென்றியில் ஆமி மறித்தால் மட்ச் என்று சொல்லுவேன். போகும்போது இரண்டு பேர், வரும்போது நான் மட்டும். சேருக்கு ஒளிக்கவில்லை. அவர் பின்னேரம் மைதானத்துக்கு வந்து, குறைந்திருக்கிற பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் விசில் ஊதுவார். அவர் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

எண்பத்தாறில் எங்கள் அணி முதல்தடவையாக இறுதிப்போட்டிக்கு வந்தது. அதற்குக் காரணம் நெடுங்கேணிப் பிள்ளை ஒருத்தி. ஆள் கட்டை, வாய் நீளம். அவள் கையில் பந்து இருக்கும்வரை மற்ற நாலு பேருக்கும் பயம் தெரியாது. அவளுடைய தாயும் ஒருநாள் வந்தார். ஜேர்மனிக்கு எல்லாம் சரிவந்துவிட்டது, அடுத்த கிழமை கொண்டுபோய் விடவேண்டும் என்றார். அவர் போன கையோடு பிள்ளை வந்தாள்.

"ரீச்சர், நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் அம்மா கேப்பா. ஃபைனல் முடியட்டும் எண்டு சொல்லுங்கோ. பிறகு எங்க வேணுமெண்டாலும் போறன்."

தாய் கேட்டிருப்பார் என்பது எனக்குத் தெரியும். எனக்கும் ஆசைதான். அத்தனை வருடம் வாங்கில் இருந்தவளுக்கு ஒரு தடவையாவது வெல்லவேண்டும் என்று இருக்காதா? சொல்லுவோம் என்றே நினைத்திருந்தேன். அந்தக் கிழமைக்குள் அவர்களின் வீட்டு ஒழுங்கையில் ஒரு பிள்ளை, இவளோடு ஒரே வகுப்பு, கிணற்றடியில் நின்றபோது துப்பாக்கிச் சூடு பட்டுச் செத்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். பந்துக்குக் காற்றடித்தேன்.

சென்றியில் இளம் ஆமிக்காரன் ஒருவன் பையைத் தட்டிப் பார்த்தான்.

"எங்க போறது?"

"கொழும்பு. மட்ச்."

"ரெண்டு பேர் மட்ச்?"

"மற்றப் பிள்ளையள் முன்னுக்குப் போயிட்டினம்," என்றேன். அவன் பந்தை எடுத்துப் பிள்ளையிடம் எறிந்து, விளையாடிக் காட்டு என்று கையால் காட்டினான். அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு அந்தச் செம்மண்ணில் பந்தைத் தட்டத் தொடங்கினாள். இடக்கை, வலக்கை, முதுகுக்குப் பின்னால், காலுக்குள்ளால். மண்மூட்டைகளுக்குப் பின்னால் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். யாரோ ஒருவன் கைதட்டினான். அவள் விளையாடி நான் பார்த்தது அதுதான் கடைசி. எனக்குப் பெருமையாக இருந்தது, பெருமைப்பட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது.

கொழும்புக்கு ஓடும் கோச்சிப் பெட்டியில் அவள் என்னோடு ஒரு சொல்லும் பேசவில்லை. கோபம் போட்டிருக்கிறாள் என்று தெரிந்தது. அணைப்பதற்குக் கை நீட்டினால் தட்டிவிடுவாள் என்று பயந்து சும்மா இருந்தேன். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வாசலுக்கு அங்கால் என்னை விடமாட்டார்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றவள் அப்போதுதான் வாய் திறந்தாள்.

"இனி ஒருத்தரையும் இங்க கூட்டிக்கொண்டு வராதேங்கோ ரீச்சர். டீம் முடிஞ்சுபோகும்."

"ஓம், வரமாட்டன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

பிறகு உள்ளே போனாள். அவளைப் போகவிட்டது சரிதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். நினைத்தால் என்ன, நெஞ்சு கேட்கிறதா?

நான் ஊர் திரும்பிச் சில நாட்களில் அடுத்த தாய் வாசலில் வந்து நின்றார். அவருடைய பிள்ளையும் எங்கள் அணிதான், அவளுக்கும் கனடாவில் ஆள் இருந்தது. அந்தப் பிள்ளையையும் கொண்டுபோய் விட்டேன்.

இறுதிப்போட்டியன்று நாலு பேர் வந்தார்கள். நாலு பேரும் நெளுக்குளத்துப் பிள்ளைகள். உடுப்பை அழகாக அயர்ன் பண்ணி, தலையை இறுக்கிப் பின்னிக்கொண்டு வந்திருந்தார்கள். சேர் மத்தியஸ்தரிடம் கதைத்துவிட்டு வந்து, தலையைக் குனிந்துகொண்டு வாங்கில் இருந்தார். அவர்களில் உயரமானவள் என்னிடம் வந்தாள்.

"நாலு பேரு ஆடக்கூடாதா டீச்சர்?"

"ஏலாது பிள்ளை, அஞ்சு பேர் வேணும்," என்றேன்.

அவள் போய் மற்ற மூவருக்கும் சொன்னாள். ஒருத்தியும் அழவில்லை. உடுப்பு அழுக்காகாமல் பார்த்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினார்கள்.

அதற்குப் பிறகும் வேறு வேறு வகுப்புகளிலிருந்து தாய்மார் வந்தார்கள். நானும் போய்க்கொண்டுதான் இருந்தேன். அந்த நாலு பேரையும் எங்கேயாவது கொண்டுபோய் விடச்சொல்லி மட்டும் ஒருவரும் என்னிடம் வரவில்லை. அவர்களுக்கு வெளிநாட்டில் யாரும் இல்லை.