முந்திப் போன அண்டா

சங்கரன்கோவில் டாக்சி ஸ்டாண்டில் போய்ச் சண்முகையா என்று கேட்டால், "எந்தச் சண்முகையா?" என்பார்கள். ஒட்டுச் சண்முகையா என்றால்தான் கை நீட்டிக் காட்டுவார்கள். எலுமிச்சம்பழ லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராக இறங்கிய ஆள். அம்பாசிடர் ஸ்டீயரிங்கைப் பிடித்துவிட்டால் முன்னால் போகிற வண்டியின் வாலை மோந்துகொண்டே போகவேண்டும் அவருக்கு. பஸ் முதுகில் இருக்கிற எழுத்தை வாசிக்கிற தூரமெல்லாம் அவருக்குத் தூரமே இல்லை. எழுத்தின் மேல் படிந்த தூசியைக் கையால் துடைக்கிற தூரம் வேண்டும்.

"இடம் விட்டா எவனாவது நுழைவாம்லா? என் பிரேக்கு சொன்ன சொல் கேக்கும்" என்பார்.

கேட்டது, அக்கா மகள் கல்யாணம் வரைக்கும்.

அக்கா என்றால் முத்துத்தாய். குருவிகுளத்துப் பக்கம் கரிசல்காட்டு ஊரில் வாழ்க்கைப்பட்டவள். அவளுக்கும் சண்முகையாவுக்கும் நடுவில் ஒரு பெண் பிறந்து, அம்மை கண்டு போய்விட்டது. அதற்குச் சேரவேண்டிய பாசத்தையும் சேர்த்துத் தம்பி தலையிலேயே கொட்டினவள். புருஷன் சீக்கிரமே கண்ணை மூடிவிட்டான். ஒரே மகள் அன்னக்கிளி. மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டவள். தகப்பனுக்குத் தகப்பனாக அவளுக்கு இருந்தவர் சண்முகையாதான். எழுபத்தெட்டு ஆவணியில் அவளுக்குப் புளியங்குடி மாப்பிள்ளை அமைந்தது.

அந்த வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. பெண் புகுந்த வீட்டுக்குப் போகும்போது தாய்மாமன் சீர் அவள் பின்னாலேயே போகவேண்டும். நடுவில் வேற்றாள் வந்துவிடக் கூடாது. வந்தால், நாதியில்லாமல் வந்தவள் என்ற பேச்சு வரும். மாட்டுவண்டிக் காலத்தில் இதில் ஒரு சிரமமும் இல்லை. வண்டி காராக மாறிவிட்டது, வழக்கம் மாறவில்லை.

முன் காரில் பொண்ணு மாப்பிள்ளை. ஓட்டுவது அதே ஸ்டாண்டுக் காளிராஜ். பின் காரில் சண்முகையா, அக்கா, நெருக்கியடித்துக்கொண்டு நாலு பெண்கள். மேலே கேரியரில் கயிறு போட்டுக் கட்டிய பித்தளைச் சாமான்கள். எல்லாவற்றுக்கும் நடுவில் ஆள் உட்காரலாம் போல ஓர் அண்டா. வழியில் சங்கரன்கோவில் கோயிலில் இறங்கிக் கும்பிட்டு, பிரசாதப் புற்றுமண் வாங்கி மடியில் முடிந்துகொண்டு புளியங்குடி ரோட்டில் ஏறினார்கள்.

ஏறினதும் பின்னால் 'பாம் பாம்' என்று ஹாரன். காசிராஜன் ஓட்டுகிற பஸ்.

"ஏலே தம்பி, நடுவுல விட்டுராதல! அந்தச் சுந்தரம்மா வாயிக்கு அவலு குடுத்துராத" என்றாள் முத்துத்தாய். சுந்தரம்மாள் என்பது மாப்பிள்ளையின் அம்மா.

"எக்கா, எங்கிட்டயா சொல்லுத?"

பஸ் வலப்பக்கம் ஏறி, பக்கத்தில் வந்துவிட்டது. எதிரே ஒரு கட்டைவண்டி. பஸ் ரெண்டு காருக்கும் நடுவில் புகுந்தாக வேண்டும். சண்முகையா மிதித்தார் ஒரு மிதி! முன் காரின் பின்கண்ணாடியில் அன்னக்கிளியின் பிச்சிப்பூ பெரிதாகிக்கொண்டே வந்தது. நுழைய இடமில்லாமல் பஸ் பின்வாங்கிவிட்டது. காருக்குள் நாலு பெண்களும் குலவை போட்டார்கள். சண்முகையாவுக்கு மீசை தானாக மேலே ஏறியது.

"பாத்தியா எக்கா! ஒரு ஈ நுழையட்டும் பாப்போம்!"

ஈ நுழையவில்லை. ஆடு நுழைந்தது. ஓடைக்குள்ளிருந்து ஒரு கிடை ஆடு மொத்தமும் 'மே' என்று ரோட்டில் ஏறிவிட்டது. அது காளிராஜ் கண்ணுக்குத்தான் தெரிந்தது. சண்முகையா கண்ணுக்கு எங்கே தெரியும்? அவருக்கு முன்னால் இருந்தது காளிராஜின் டிக்கி ஒன்றுதான். அதில் சிவப்பு வெளிச்சம் மின்னிய மாத்திரத்தில் பிரேக்கின் மேல் ஏறியே நின்றார். ஆறு பேரும் பித்தளையும் ஏற்றிய வண்டி நின்றுவிடுமா?

டமார்!

கயிறு அறுந்தது. அண்டா தலைக்கு மேலே பறந்து, முன் காரின் கூரையில் ஒரு குத்துக் குத்தி, ரோட்டில் விழுந்து, கணகணவென்று ஆட்டுக்கூட்டத்துக்குள் உருண்டது. ஆடு திசைக்கொன்றாகச் சிதறியது.

சண்முகையாவுக்கு அண்டா எங்கே தெரிந்தது! கதவைத் திறந்து ஓடினார். பிள்ளை தலை முன்சீட்டில் கவிழ்ந்து கிடந்தது. பூ அவிழ்ந்து கிடந்தது.

"ஏட்டி அன்னம்! ஏ மக்கா! எந்திரிட்டி!"

கூப்பிட்டார், கூப்பிட்டார், சத்தமில்லை. மாப்பிள்ளை மலங்க மலங்க விழித்தான். சண்முகையா ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் தூக்கி வளர்த்த பிள்ளையை நானே இடித்துக் கொன்றேனே என்று தலையில் அடித்துக்கொள்ளக் கை தூக்கினபோது, உள்ளேயிருந்து முனகல் வந்தது.

"மாமா... சீரு கையிலல்லா குடுப்பாங்க? முதுகுலயா குடுப்பாங்க?"

நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம், கழுத்தில் வலி. வேறொன்றும் இல்லை. மாப்பிள்ளைக்கு ஒரு கீறலும் இல்லை. முத்துத்தாய் மடியை அவிழ்த்து, புற்றுமண்ணைக் குழைத்து அப்பினாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது அவளுக்கு.

அப்போதுதான் சண்முகையா திரும்பிப் பார்த்தார். பஸ் ஒரு தென்னைமர நீளம் தள்ளி நின்றது. காசிராஜன் இறங்கி வந்தான்.

"வே சண்முகையா, நீரு எனக்கு எடம் விடல. நான் உமக்கு விட்டேன். நானும் உம்மள மாதிரி ஒட்டிக்கிட்டு வந்திருந்தா, இந்நேரம் அஞ்சாறு பொம்பளையள அள்ளிக் கட்டணும்வே."

சண்முகையா குனிந்து பம்பரை நிமிர்த்தினார். ஆட்டுக்காரன் கொண்டுவந்து கொடுத்த அண்டாவைப் பின்சீட்டுப் பெண்களின் மடியில் வைத்தார். "காளிராசு, நீ முன்னால போ" என்றார்.

காளிராஜ் போனான். பஸ் போனது. ஒரு பழ லாரியும் போனது.

"ஏலே, ஊரே நடுவுல போவுதுல!" என்று முத்துத்தாய் பதறினாள்.

"போவட்டும்க்கா. பிள்ள முழுசா போய்ச் சேரட்டும்."

சொல்லிவிட்டாரே தவிர, தன்னால் பிள்ளைக்கு ஒரு பேச்சு வந்துவிடுமோ என்று புளியங்குடி வரைக்கும் அதே நினைப்பு. தெருமுனையில் திரும்பினால், ஆரத்தித் தட்டோடு சுந்தரம்மாள் நிற்கிறாள். ஆரத்தி எடுத்தபாடில்லை. அன்னக்கிளி நெற்றியில் மண் பூச்சோடு காரில் சாய்ந்து நிற்கிறாள்.

"எங்க மாமா வராம நான் நடை ஏற மாட்டேன்னுட்டா ஒங்க பிள்ள" என்றாள் சுந்தரம்மாள். "நானும் எம்புட்டு நேரந்தான் தட்டத் தாங்கிக்கிட்டு நிக்க?"

சண்முகையாவுக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. துண்டைச் சும்மாடு கட்டி, நசுங்கின அண்டாவைத் தலையில் ஏற்றினார். பெண் முன்னால், சீர் பின்னால். நடுவில் ஒரு காக்கா குருவி இல்லை. சந்தோஷத்தில் பழைய புத்தி வந்துவிட்டது மனிதருக்கு. அவள் குதிகாலை மிதிக்கிற மாதிரி ஒட்டி நடந்தார்.

பின்னாலிருந்து முத்துத்தாய் போட்டாள் ஒரு சத்தம்.

"ஏலே, தள்ளி வாலே! அண்டா பிள்ள பின்மண்டையில முட்டிரப் போவுது!"

முதலில் சிரித்தது சுந்தரம்மாள்தான். சண்முகையா சட்டென்று நின்று, ரெண்டு எட்டுப் பின்னால் வைத்தார்.