சிமுலேட்டரில் கதவு இல்லை

போலீஸ் டிரைவர்களுக்கான சிமுலேட்டர் பயிற்சிக்கு உங்களுக்கும் உத்தரவு வந்திருந்தால், இது உங்களுக்குத்தான். ஈ.சி.ஆர். கடற்கரைச் சாலை ரோந்து வண்டிக்கு ஒரு டிரைவர் தேவைப்பட்டது. தேறினால் அந்த வண்டி எனக்கு. இல்லையென்றால் மறுபடி ஸ்டேஷன் வாசலில் சென்ட்ரி காவல். ஓரிடத்தில் நிற்கச் சொன்னாலே எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். இந்தப் பயிற்சிக்கான ஆன்லைன் வகுப்புகளைக்கூட போனும் கையுமாக வீட்டுக்குள் நடந்துகொண்டேதான் கேட்டேன்.

போன ஜனவரியில் ஒரு நாள் காலை 6.40 மணிக்கு ஊரப்பாக்கத்தில் மின்சார ரயில், செங்கல்பட்டுக்குப் பத்து ரூபாய். அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்கு பஸ், சுமார் முப்பது கிலோமீட்டர். உட்கார இடம் இருந்தும் நின்றேதான் போனேன். பிறகு நெம்மேலிப் பக்கம் பயிற்சி மையத்துக்கு ஷேர் ஆட்டோ.

மூன்று திரை, ஒரு ஸ்டீரிங், நடுங்க வைக்கும் ஏசி. விபத்து நடந்த இடத்துக்கு சைரனோடு விரைய வேண்டும். முன்னால் ஒரு லாரி வழிவிடவில்லை. ஜீப் ஓட்டும் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு: வலது கையை வெளியே விட்டுக் கதவைப் படபடவென்று தட்டுவோம். என் கை தானாகப் போனது. அங்கே கதவு இல்லை. பக்கத்தில் நின்று பயிற்சி கொடுத்த ஏட்டய்யாவின் டீதான் கொட்டியது.

"இன்னாம்மா, யாருக்குக் கை காட்டினு கீற?"

"கை தானா போவுது ஏட்டய்யா."

"முன்னால பாரும்மா!"

பார்ப்பதற்குள் சாலையோரத்துக் குழந்தை ஒன்று வண்டிக்கடியில் போய்விட்டது. பொம்மைப் படம்தான். ஆனாலும் எனக்கு அழுகை வந்தது.

மதியம் இன்னொரு வாய்ப்பு. அதுவரை கடற்கரையில் மேலும் கீழும் நடந்தேன். கடைசியில் வலது மணிக்கட்டில் கர்சீப்பை உறுத்தும்படி இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கை துடித்தபோதெல்லாம் முடிச்சு உறுத்தியது. குழந்தைக்கு முன்பே வண்டி நின்றது. தேறிவிட்டேன்! கர்சீப்பை அவிழ்த்துப் பையில் போட்டேன்.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் ஓரத்து இடம். முன்னால் ஒரு மணல் லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. பொறுக்கவில்லை, கை வெளியே போய்த் தகரத்தைத் தட்டிவிட்டது.

"யக்கா, போலீஸா?" என்று சிரித்தார் டிரைவர்.

லாரி சட்டென்று இடப்பக்கம் ஒதுங்கியது. அங்கே பால் பாக்கெட்டோடு நின்ற ஒரு சிறுமி துள்ளி மணலில் விழுந்தாள். அடி இல்லை. எழுந்து என்னைத்தான் பார்த்தாள்.

போகிறவர்களுக்கு: காலையில் இரண்டு இட்லி போதும், திரையைப் பார்த்தால் தலை சுற்றும். ஸ்வெட்டர் அவசியம். கர்சீப் கட்டினால், தேறியதும் அவிழ்க்காதீர்கள்.