நாற்பது முகங்களும் ஒரு கருப்புத் திரையும்

திண்டுக்கல்லில் நான் வேலை பார்க்கும் ஃப்ளெக்ஸ் கடையில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். ஓசியில் கிடைக்கிறதென்று முதலாளி அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸைப் போட்டார். போட்டவர் கற்றுக்கொள்ளவில்லை, நான் கற்றுக்கொண்டேன்.

அன்று நத்தத்திலிருந்து ஓர் அக்கா வந்திருந்தார். மறுநாள் அவர் மகளுக்குக் காதணி விழா. அதற்கு வைக்கும் ஃப்ளெக்ஸில் ஒரு பங்காளி படம் விடுபட்டாலும் விசேஷ வீட்டில் சண்டைதான். தாய்மாமன் படம் மற்றவர்களைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். தாய்மாமன்கள் இரண்டு பேர் என்றால் இருவருக்கும் நடுவே ஒரு நூல்கூட வித்தியாசம் இருக்கக் கூடாது. "இவுகளையும் சேத்துரு தாயி" என்று அக்கா ஃபோனிலிருந்து ஒவ்வொன்றாக அனுப்ப, மூன்று மணி நேரம் நாற்பது முகங்களை வெட்டி ஒட்டினேன். அந்த மும்முரத்தில் ஒரு தடவைகூட சேவ் செய்யவில்லை. என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் திரை உறைந்து நின்றது. மவுஸ் அசையவில்லை.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்மா" என்றார் முதலாளி.

"பண்ணுனா அம்புட்டும் போயிரும்ணே."

"போச்சுன்னா நாளைக்கு நீ கடைப்பக்கம் வராத."

பயமாகத்தான் இருந்தது. அதைவிடக் கோபம் அதிகம். கண்ட்ரோல், ஆல்ட், எஃப் மூன்று, எல்லாவற்றையும் சேர்த்து அழுத்தினேன். லினக்ஸில் முன்னால் தெரியும் திரைக்குப் பின்னால் வேறு சில திரைகளும் உண்டு. முன்னது முடங்கினாலும் பின்னதில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். முகங்கள் மறைந்து கருப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது.

"ஆத்தாடி!" என்று அக்கா எழுந்துவிட்டார்.

பெயரை அடித்தேன், பாஸ்வேர்டை அடித்தேன். அங்கே பாஸ்வேர்டு அடித்தால் ஒரு புள்ளிகூட விழாது.

"எழுத்தே விழல பாரு. கீபோர்டும் செத்துப்போச்சு, எந்திரி" என்று முதலாளி சுவிட்சுக்குக் கை நீட்டினார். நான் இடது கையால் சுவிட்சை மூடிக்கொண்டேன்.

"கைய எடுங்கண்ணே."

அவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் முறை. வலது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, எது மெமரியைத் தின்கிறது என்று பார்த்தேன். பிரவுசர். நான் சாப்பிடப் போன நேரத்தில் முதலாளி ஒன்றன்மேல் ஒன்றாகத் திறந்து, மூடாமல் விட்ட பாட்டு வீடியோக்கள். பிரவுசரை நிறுத்திவிட்டுப் பழைய திரைக்குத் திரும்பினேன். நாற்பது முகங்களும் இருந்தன. தாய்மாமன்கள் இருவரும் சரிசமமாகச் சிரித்தார்கள். முதலில் சேவ் செய்தேன்.

"என்னம்மா பண்ணுன?"

"ஒங்க பாட்டக் கொன்னுட்டேன்ணே."

அக்கா சிரித்துவிட்டார். முதலாளி சிரிக்கவில்லை.

"இனிமே கஸ்டமர் முன்னாடி அந்தக் கருப்பத் தொறக்காத" என்றார். வராதே என்று சொன்னதற்கு ஒரு வார்த்தை வருத்தம் இல்லை.

மறுநாள் போனேன். அவர் பார்க்கும்போதே அந்தக் கருப்புத் திரையைத் திறந்து, பெயரும் பாஸ்வேர்டும் அடித்துத் தயாராக வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினேன். இன்றுவரை தினமும் அப்படித்தான். தினமும் முறைக்கிறார். முறைக்கட்டும்.