புளி பொறுக்கியவர்

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு பத்திரிகைக்குப் படமெடுக்க ஜவ்வாது மலைக்குப் போயிருந்தேன். நெல்லிவாசல்நாட்டில் ஒரு புளியமரத்தடியில், நரைத்த தலையும் ஏற்றிச் செருகிய சேலையுமாக ஓர் அம்மாள் புளி பொறுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பழத்தையும் காதருகே ஆட்டி, உள்ளே கொட்டை குலுங்குகிறதா என்று கேட்ட பிறகே கூடையில் போட்டார். ஃபிலிமில் மிச்சமிருந்தது ஒரே படம்.

"மலை தெரியணும், கொஞ்சம் நிமிர்ந்து நில்லுங்கம்மா" என்றேன்.

"காலையிலேர்ந்து குனிஞ்சிதானே கீறேன். நிமிந்து நின்னா அது நான் இல்லீங்களே. நீங்க குனிஞ்சி பாருங்க."

தரையோடு படுத்தேன். மலை மறைந்துவிட்டது. ஒரு புளியம்பழமும், அதைக் கூர்ந்து கேட்கும் முகமும் மட்டுமே கேமராவில் தெரிந்தன.

அதுவரை நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். படத்தின் கீழே போட, பத்திரிகை ஆசிரியர் அந்த அம்மாளின் பெயரைக் கேட்டபோதுதான், அவரிடம் அதைக் கேட்கவேயில்லை என்று உறைத்தது.