விழுப்புரம் பக்கத்துக் கொக்கி

துரைக்கண்ணு யாரையும் நம்பமாட்டான். கடைக்காரன் நிறுத்துக் கொடுத்த மல்லாட்டைக் கடலையைப் பக்கத்துக் கடைத் தராசில் மறுபடி நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவான். இன்றைக்குக் கோழி முட்டை வைக்கவில்லை என்று பாஞ்சாலி சொன்னால் கூடைக்குள் கையை விட்டுத் துழாவுவான். ஒரு முட்டைக்காகக் கட்டின பெண்டாட்டியைச் சந்தேகப்படுகிறவனை என்னவென்று சொல்வது? பாஞ்சாலி பல பேர் வைத்துக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அலுத்துப்போய் விட்டுவிட்டாள்.

அவனை மட்டும் குறை சொல்லவும் முடியாது. வளவனூருக்குப் பக்கத்தில் அவன் அப்பாவுக்கு முக்கால் காணி நஞ்சை இருந்தது. கிணற்றுக்குக் கரண்டு கேட்டு மனுப் போடலாம் என்று ஒரு பங்காளி வந்து காகிதத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்டு போனான். அது மனு இல்லை, கிரயப் பத்திரம். அப்பா அந்தப் பங்காளியை ஒரு வார்த்தை வைது ஆற்றிக்கொண்டிருந்தாலாவது மனசு லேசாகியிருக்கும். “நம்ம ஆளாச்சேன்னு நம்பிட்டேன்” என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிச் சொல்லியே மூன்று வருஷத்தில் போய்ச் சேர்ந்தார். அந்தச் சொல்லைக் கேட்டாலே துரைக்கண்ணுவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஐம்பத்தாறாம் வருஷம் விழுப்புரம் ஜங்ஷனில் என்ஜின் ஷெட்டுக்குத் தினக்கூலியாகப் போனான். கரி என்ஜின்கள் கொட்டும் சாம்பலைக் குழியிலிருந்து வாரி மேலே போடும் வேலை. ஒன்பது வருஷம் வாரினான். பல் தவிர எல்லாம் கறுத்துப்போனது. அப்புறம்தான் தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரைக்கும் கம்பம் நட்டுக் கம்பி இழுத்தார்கள். இனிமேல் ரயில் கரண்டில் ஓடும், சாம்பல் இருக்காது, சாம்பல் வாருகிறவனும் வேண்டாம் என்று ஆயிற்று.

அந்தச் சமயத்தில்தான், எட்டாவது பாஸ் செய்த தினக்கூலிகளைக் கம்பிப் பராமரிப்பு வேலைக்குப் பழக்கப்போவதாக நோட்டீசு ஒட்டினார்கள். துரைக்கண்ணு எட்டாவது பாஸ். இங்கிலீஷில் இருந்த நோட்டீசை மூன்று குமாஸ்தாக்களிடம் தனித்தனியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டான். மூன்று பேரும் ஒரே மாதிரி படித்ததால் மூன்று பேரும் கூட்டுச் சேர்ந்திருப்பார்களோ என்று ஒரு நாள் பூராவும் யோசித்தான். பாஞ்சாலிதான் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அனுப்பிவைத்தாள்.

ஓரமாக நிறுத்திவைத்த பழைய ரயில் பெட்டி ஒன்றுதான் பள்ளிக்கூடம். பாடம் நடத்தியவர் சார்ஜ்மேன் வேங்கடேசன். முதல் நாளே கரும்பலகையில் ஒன்றும் எழுதாமல் விரலை ஆட்டிச் சொன்னார்.

“கம்பியில கரண்டு இல்லன்னு எவன் சொன்னாலும் நம்பாதீங்க. ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னாலும் நம்பாதீங்க. நான் சொன்னாலும் நம்பாதீங்க. எர்த்து ராடு மாட்டினப்புறம்தான் அது செத்த கம்பி.”

துரைக்கண்ணுவுக்கு உடம்பு சிலிர்த்தது. தன் குணத்துக்குச் சம்பளம் கொடுக்கும் உத்தியோகமும் உலகத்தில் உண்டா! அன்று முதல் பாடத்தை விழுந்து விழுந்து படித்தான்.

எர்த்து ராடு என்பது ஆள் உயரத்தைப் போல மூன்று மடங்கு நீளமுள்ள கழி. நுனியில் பித்தளைக் கொக்கி. கொக்கியிலிருந்து ஒரு செம்புக் கேபிள் கீழே இறங்கும். முதலில் கேபிளின் முனையைத் தண்டவாளத்தில் கிளாம்பு போட்டு இறுக்க வேண்டும். பிறகுதான் கழியைத் தூக்கிக் கொக்கியைக் கம்பியில் மாட்ட வேண்டும். கம்பியில் கரண்டு மிச்சம் இருந்தால் அது வழியாகத் தரைக்குள் இறங்கிவிடும். வேலை நடக்கும் இடத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

“ரெண்டு பக்கமும் இன்னாத்துக்கு சார்? ஒண்ணு போதாதா?” என்று ஒருவன் கேட்டான். அவன்தான் சவுரிமுத்து. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் காலனியில் கூலிவேலை செய்யும் கிறிஸ்தவக் குடும்பத்துப் பையன். துரைக்கண்ணுவைவிட மூன்று நான்கு வயசு இளையவன்.

“நடுவுல இருக்கிற இணைப்பக் கழட்டுறேன்னு வச்சுக்கோ. அப்ப ஒரு கம்பி ரெண்டு கம்பியாயிடும். ராடு இல்லாத துண்டு, பக்கத்து லைன்ல ஓடுற கரண்ட வாங்கித் தன்மேல ஏத்திக்கினு நிக்கும். கை வச்சா தூக்கி எறிஞ்சிடும்” என்றார் வேங்கடேசன்.

நாலு மாதம் கழித்துத் துரைக்கண்ணுவையும் சவுரிமுத்துவையும் கைப்பழக்கத்துக்குத் திண்டிவனம் டிப்போவுக்கு அனுப்பினார்கள். வேங்கடேசனே அங்கேயும் மேலாள். போன மூன்றாம் நாள் டிப்போ வாட்ச்மேன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டே துரைக்கண்ணுவின் காதில் ஒரு சேதியைப் போட்டான். நிரந்தர இடம் ஒன்றுதானாம். இரண்டு பேரில் ஒருத்தன் திரும்பிப் போகவேண்டியதுதானாம்.

ஊரில் எவன் என்ன சொன்னாலும் நம்பாத துரைக்கண்ணு, இதை மட்டும் அப்படியே நம்பினான். கெட்ட சேதி என்றால் அவனுக்குச் சாட்சி வேண்டாம்.

திரும்பிப் போவதென்றால் எங்கே போவது? சாம்பல் குழியை மூடிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். பாஞ்சாலிக்கு ஆறாம் மாதம். இந்த வேலை நிலைக்காவிட்டால் அவன் குடும்பத்தோடு அடுத்தவன் கரும்புக் கொல்லையில்தான் நிற்க வேண்டும். அதுவும் அந்தப் பங்காளியின் கொல்லையாகவே இருக்கலாம்.

அன்றிலிருந்து சவுரிமுத்து இருமினால்கூட அதில் ஒரு காரணம் தெரிந்தது. அவன் வேலை முடிந்தும் இருந்து சார்ஜ்மேனுக்கு ரிஜிஸ்டர் எழுத உதவினான். காக்கா பிடிக்கிறான். ஒரு நாள் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தவர்கள் துரைக்கண்ணு உள்ளே வந்ததும் நிறுத்தினார்கள். தன்னைப் பற்றித்தான் பேச்சு. இன்னொரு நாள் காலையில் துரைக்கண்ணு வழக்கம்போல ரப்பர் கையுறையை வாயால் ஊதிச் சோதித்தபோது, கட்டைவிரலில் ஊசிமுனை அளவு ஓட்டை. காற்று புஸ்ஸென்று போனது. ரப்பர் என்றால் ஓட்டை விழத்தான் செய்யும், அதற்காகத்தானே ஊதிப் பார்ப்பது. துரைக்கண்ணு அப்படி நினைக்கவில்லை. மாட்டியிருந்த ஆணியைப் பார்த்தான், பக்கத்து ஆணியில் தொங்கிய சவுரிமுத்துவின் சட்டையைப் பார்த்தான், முடிவு கட்டிவிட்டான்.

“அவன் என்னக் கொன்னாலும் கொல்லுவான்” என்று ஊருக்கு வந்தபோது பாஞ்சாலியிடம் சொன்னான்.

“அந்தப் புள்ளையா? போன மாசம் சின்னவளுக்கு ஜுரம்னு கேட்டு ஆரஞ்சுப் பழம் குடுத்தனுப்புச்சே, அந்தப் புள்ளையா? உனக்கு மண்டைக்குள்ள பேஜாரு புடிச்சிக்கினு கீது” என்றாள் அவள்.

“இன்னாத்துக்குக் குடுத்தான்னு யோசிச்சியா?” என்றான் துரைக்கண்ணு. இந்த ஆளிடம் என்ன பேசுவது?

பங்குனி மாதத்தில் ஒரு நாள், திண்டிவனம் யார்டில் மூன்றாவது லைனில் வேலை. இணைப்பு ஒன்று நைந்திருந்தது, கழற்றி மாற்ற வேண்டும். அந்த லைனுக்கு மட்டும் கரண்டை நிறுத்தி பர்மிட் வாங்கியாயிற்று. பக்கத்து லைனில் கரண்டு ஓடிக்கொண்டிருந்தது. வேங்கடேசன் ஆளுக்கு வேலை சொன்னார். விழுப்புரம் பக்கத்து ராடு துரைக்கண்ணு. தாம்பரம் பக்கத்து ராடு சவுரிமுத்து. மாட்டிவிட்டுத் துரைக்கண்ணு ஏணியில் ஏற வேண்டும்.

துரைக்கண்ணு கேபிளைத் தண்டவாளத்தில் கிளாம்பு போட்டு முறுக்கினான். கழியைத் தூக்கப்போனவன் கை நின்றது. ஏறப்போவது நான். அந்தப் பக்கத்தை மாட்டப்போவது அவன். கிளாம்பை லூசாக விட்டு வைத்தால்? கழியைக் கம்பத்தின் மேல் சாய்த்து வைத்துவிட்டு விறுவிறுவென்று சவுரிமுத்து இருந்த இடத்துக்குப் போனான். குனிந்து, அவன் போட்ட கிளாம்பை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினான். அசையவில்லை. நிமிர்ந்து கொக்கியைப் பார்த்தான். கம்பியில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. சவுரிமுத்து அவன் முகத்தையே பார்த்தான்.

“துரைக்கண்ணு! அங்க இன்னாய்யா பண்ணிக்கினு இருக்க? உன் எடத்துல நிக்கமாட்டியா?” வேங்கடேசனுக்குக் கோபம். “லைன் அரை மணி நேரந்தான் குடுத்திருக்கான். சவுரி, நீ ஏறு. ஜல்தி!”

துரைக்கண்ணுவுக்கு முகத்தில் அறைந்தாற்போல் ஆயிற்று. என் வேலையை அவனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். ஆக, எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்ததுதான். இதை மென்றுகொண்டே தன் இடத்துக்குத் திரும்பி நடந்தான். கண் முழுக்க ஏணியில் ஏறும் சவுரிமுத்துவின் முதுகிலேயே இருந்தது.

“தாம்பரம் பக்கம்?” என்று கத்தினார் வேங்கடேசன்.

“மாட்டியாச்சு சார்!” என்று ஏணியிலிருந்து சவுரிமுத்து.

“விழுப்புரம் பக்கம்?”

“மாட்டியாச்சு” என்றான் துரைக்கண்ணு.

பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. மாட்டிவிட்டதாகத்தான் அவன் நினைப்பு. பாவி, ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்த்திருக்கக் கூடாதா?

இணைப்புக் கழன்றதும் ஒரு சத்தம் கேட்டது. ஈரத்துணியை ஓங்கி அடித்தது போன்ற சத்தம். சவுரிமுத்து ஏணியிலிருந்து மல்லாந்து ஜல்லியில் விழுந்தான். “அம்மா” என்று அவன் போட்ட கூச்சலில் பிளாட்பாரத்து ஜனமே திரும்பியது. எல்லோரும் அவனிடம் ஓடினார்கள். ஓடப்போன துரைக்கண்ணுவின் கண்ணில் அப்போதுதான் அது பட்டது. அவன் கழி வைத்த இடத்திலேயே கம்பத்தில் சாய்ந்திருந்தது.

சுற்றிலும் பார்த்தான். ஒருத்தரும் இவனைப் பார்க்கவில்லை. கழியைத் தூக்கினான். கொக்கியைக் கம்பியில் மாட்டினான். பிறகு சவுரிமுத்துவிடம் ஓடி, மற்றவர்களோடு சேர்ந்து தூக்கினான். மற்றவர்களைவிட அதிகமாக அழுதவனும் அவன்தான்.

சவுரிமுத்துவின் வலது கையில் மூன்று விரல் போயிற்று. இடுப்பெலும்பு முறிந்தது. ஐந்தாம் நாள் டிப்போவுக்கு ஒரு உத்தரவு வந்தது. நிரந்தரம் செய்யப்பட்டவர்கள் என்று அதில் இரண்டு பேர் இருந்தார்கள். துரைக்கண்ணு ஒருவன், சவுரிமுத்து ஒருவன். விபத்துக்கு ஒன்பது நாள் முன்னாலேயே கையெழுத்தாகியிருந்தது. துரைக்கண்ணு தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். திருத்திய இடம் ஒன்றும் இல்லை. அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

விசாரணைக்கு நாள் குறித்தார்கள். இரண்டு கொக்கியும் மாட்டித்தான் இருந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். அப்படியானால் ஷாக் எப்படி வந்தது? சவுரிமுத்து தன் கிளாம்பைச் சரியாக இறுக்கவில்லை, தன் வினையைத் தானே தேடிக்கொண்டான் என்று பேச்சு அடிபட்டது. அப்படி எழுதிவிட்டால் அவனுக்கு வேலையும் இல்லை, நஷ்டஈடும் இல்லை.

விசாரணைக்கு முந்தின நாள் துரைக்கண்ணு ஆஸ்பத்திரிக்குப் போனான். ஆளைப் பார்க்கப் போனானா, என்ன சொல்கிறார்கள் என்று வேவு பார்க்கப் போனானா, அவனுக்கே தெரியாது. சவுரிமுத்துவின் மனைவி லூர்துமேரி அவனைக் கண்டதும் எழுந்து முக்காலியைத் துடைத்துப் போட்டாள்.

“அண்ணே, நீங்களே வந்துட்டீங்க. நாளைக்கு நீங்கதான் சொல்லணுமாம்” என்றாள்.

துரைக்கண்ணு முக்காலியில் உட்காரவில்லை. “இன்னா சொல்லணும்?”

சவுரிமுத்து படுத்தபடியே பேசினான். “என் கிளாம்ப நீங்க புடிச்சி ஆட்டிப் பாத்தீங்களேண்ணே. அன்னிக்கு எனக்குக் கோவந்தான் வந்துச்சு. நம்மளப் போயி இப்படி சந்தேகப்படுறாரேன்னு. இப்ப அதான் என்னக் காப்பாத்தப் போவுது. இறுக்கமா இருந்துச்சுன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும். வேற எவனும் பாக்கல.”

அவன் கிளாம்பு சரி என்று சொன்னால், மிச்சம் இருப்பது ஒரே கொக்கி. துரைக்கண்ணு ராத்திரி பூராவும் புரண்டான். பாஞ்சாலியின் வயிறு நினைவுக்கு வந்தது, சாம்பல் குழி நினைவுக்கு வந்தது. தெரியாது, சரியாகப் பார்க்கவில்லை என்று சொன்னாலே போதும். இத்தனை சுலபம். காகிதத்தைக் கொண்டுவந்து கைநாட்டு வாங்கிய அந்தப் பங்காளிக்கும் அன்றைக்கு இப்படித்தான் சுலபமாக இருந்திருக்குமோ என்று தோன்றியபோது எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

விசாரணையில் மேஜைக்குப் பின்னால் இருந்த ஆபீசர் கேட்டார். “அவர் போட்ட கிளாம்பை நீ பார்த்தாயா?”

“பார்த்தேன் சார். கையால ஆட்டிப் பார்த்தேன். இறுக்கமா இருந்துச்சு.”

“அப்படியானால் ஷாக் எப்படி வந்தது?”

வேங்கடேசன் அவனையே பார்த்தார். துரைக்கண்ணு மேஜையைப் பார்த்துச் சொன்னான்.

“என் கொக்கிய மாட்டல சார். மாட்டிட்டேன்னு நெனச்சி சொல்லிட்டேன். அவன் வுழுந்தப்புறம்தான் மாட்டினேன்.”

அன்றே அவன் பெயரை உத்தரவிலிருந்து அடித்தார்கள். கண்ணால் பார்க்காமல் வாய்ச்சொல்லை ஏற்றுக்கொண்டதற்காக வேங்கடேசனுக்கு ஒரு இன்கிரிமென்ட் போயிற்று. சவுரிமுத்துவுக்கு வேலை நிலைத்தது. எழுந்து நடமாடியதும் டிப்போ ஸ்டோரில் உட்காரலாம் என்று எழுதினார்கள்.

சாயங்காலம் துரைக்கண்ணு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனான். இருந்த வேலையை இழந்து உண்மையைச் சொல்லியாயிற்று, ஒரு நல்ல வார்த்தை கிடைக்கும் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது. இருக்காதா பின்னே? சேதி அவனுக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. லூர்துமேரி எழுந்திருக்கவில்லை. சவுரிமுத்து கட்டுப்போட்ட கையை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.

“சவுரி, சொல்லிட்டேன்டா” என்றான் துரைக்கண்ணு.

“கேள்விப்பட்டேன்.”

“மறந்துட்டேன்டா. வேணும்னு பண்ணல. உங்க வேதத்து மேல ஆணையா.”

“மறந்தத நான் ஒண்ணும் சொல்லல. மனுசன்னா மறப்பான்.” சவுரிமுத்து இப்போதுதான் அவன் பக்கம் திரும்பினான். “நான் கீழ வுழுந்து அம்மா அம்மான்னு கத்திக்கினு கெடக்கிறேன். நீ எங்கிட்ட வரல. மொதல்ல கொக்கிகிட்ட போன.”

லூர்துமேரி கஞ்சி டம்ளரை எடுத்துப் புருஷனுக்குப் புகட்ட ஆரம்பித்தாள். துரைக்கண்ணு ஸ்டேஷனுக்கு நடந்தான். விழுப்புரம் வண்டி வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.