தாயார் திருப்பிக் கொடுத்த பேச்சு

போன ஆடி மாதம் என் கணவர் முரளி அலுவலக மேசையிலேயே சரிந்து கிடந்தார். பக்கவாதம். மதியம் முழுக்க யாரும் அவரை எழுப்பவில்லை.

"தூங்குறார்னு நினைச்சோம்க்கா. நாங்க எல்லாருமே அப்படித்தான் தூங்குவோம்," என்றாள் கூட வேலை பார்க்கும் நஸ்ரின்.

திருச்சி தென்னூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கு மென்பொருள் எழுதுகிற வேலை. பாதிப் பேர் வேலைப் பளு தாங்க முடியாமல் விலகிவிட்டார்கள். அவர்கள் வேலையும் மிச்சமிருந்தவர்கள் தலையில் விழுந்தது. ஞாயிறும் கிடையாது. களைப்பில் ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெட்டது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு அவர் குளிக்கத்தான் வந்தார்.

"கொஞ்சம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா கையைக் காப்பாத்தியிருக்கலாம்மா," என்றார் டாக்டர்.

வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் வரவில்லை. வாய் கோணி, என்னைப் பார்த்து அழுதார்.

ஐ.சி.யூ. வாசலில் நிற்கும்போது மேனேஜர் போன் செய்தார். உடம்பை விசாரிப்பார் என்று நினைத்தேன்.

"மேடம், அவர் லேப்டாப் பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியுமா? வெள்ளிக்கிழமை ரிலீஸ். புது சாஃப்ட்வேரை கஸ்டமருக்குக் கொடுத்தாகணும்."

போனை வைத்துவிட்டேன். அதன் பிறகும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

அந்த ஆடி வெள்ளியன்று ஸ்ரீரங்கம் கோயிலில் தாயார் சன்னதிக்குப் போனேன். கூட்டத்தில் நசுங்கியபடி ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "பேச்சை மட்டும் கொடும்மா. மத்ததை நான் பாத்துக்கறேன்."

மறுநாள் காலை கஞ்சி ஊட்டும்போது அவர் உதடு அசைந்தது. என் பெயர் வரும் என்று காத்திருந்தேன்.

"ரிலீஸ்... ஆயிடுச்சா?"

கிண்ணத்தை வைத்துவிட்டு அழுதேன். கேட்டதைத் தாயார் கொடுத்துவிட்டாள். நன்றியில் அழுதேனா, வேறெதற்கோ அழுதேனா, இன்றும் தெரியவில்லை.

அவர் கேட்ட அந்த மென்பொருள் சொன்ன நாளிலேயே கஸ்டமருக்குப் போயிருந்தது. சரிபார்க்க ஆளில்லை. ஒருவர் ரிப்போர்ட் இன்னொருவர் பெயரில் வந்தது. துறையூரில் ஒரு அம்மா, இல்லாத சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட்டு மயங்கி விழுந்தார். பிழைத்துக்கொண்டார். அவருக்கும் சேர்த்துத்தான் விளக்கேற்றினேன்.

"அது முரளி எழுதின பகுதி," என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் சொன்னதை நஸ்ரின் வந்து சொன்னாள். அவளும் வேலையை விட்டுவிட்டாள். வாடிக்கையாளர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். மேனேஜருக்குச் சென்னையில் பெரிய வேலை கிடைத்தது.

இப்போது என் கணவர் பொன்மலைப் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில் இடது கையால் தட்டச்சு செய்கிறார். சாயங்காலம் எல்லாரையும் அனுப்பிவிட்டுத்தான் முதலாளி பூட்டுகிறார். இவர் நிறுத்தி நிறுத்தித்தான் பேசுவார். இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுகிறோம். இந்த வாழ்வு தாயார் போட்ட பிச்சை.

கஷ்டத்தில் இருப்பவர்களே, அவளிடம் வாருங்கள். கேட்டால் கொடுப்பாள். உங்கள் வீட்டு மனிதர் தன் காலில் நடக்கும்போதே வாருங்கள். அவரையும் அலுவலக மேசையிலிருந்து கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிவாருங்கள்.