மலைச்சபைச் சதியும் நானும்

சதி என்பது அரண்மனையிலும் சட்டமன்றத்திலும்தான் நடக்கும் என்று யாராவது நினைத்தால், அவர்கள் கல்பாத்தியில் எங்கள் பத்திரிகை ஆசிரியர் வீட்டில் ஒரு டம்ளர் காபி குடித்துப் பார்க்க வேண்டும். என்னைத் தூக்கி எறிகிற முடிவை அங்கேதான் எடுத்தார்கள். காபி நன்றாக இருந்ததாம். எனக்குத் தெரியாது, என்னைக் கூப்பிடவே இல்லை.

நான் காமிக்ஸ் எழுதுகிறவள். பகலில் கொழிஞ்சாம்பாறையில் ஒரு உரக்கடையில் பில் போடுகிறேன். கூட்டமில்லாத மத்தியானங்களில், யூரியா மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, வானத்தில் பறக்கிறவர்களையும் இடியை உள்ளங்கையில் பிடிக்கிறவர்களையும் எழுதுகிறேன். என் மாமியாரிடம் யாராவது கேட்டால், மருமகள் கணக்கு எழுதுகிறாள் என்று சொல்லிவிடுவார். அதில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. வேலைக்குப் போவது வீட்டுக்காக, சமைப்பது பிள்ளைகளுக்காக. இந்தக் கதை மட்டும் எனக்காக.

எங்கள் குழுவில் நாலு பேர். ஆசிரியர் பாலக்காட்டில் சொந்த அச்சகம் வைத்திருக்கிறார். ஓவியர் வேலந்தாவளம் பக்கத்தில் தென்னந்தோப்பு உள்ள விவசாயி. காலையில் தோப்புக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வந்து பூதங்களை வரைவார். புத்தகத்தை ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்கிற விநியோகஸ்தர் சக்குபள்ளத்துக்காரர். இடுக்கி எஸ்டேட் பகுதிகளில் அவருக்குத் தெரியாத பெட்டிக்கடை கிடையாது. நாலாவது ஆள் நான், கதை என்னுடையது.

கதையில், மலைநாட்டை ஏழு வீரர்கள் கொண்ட ஒரு சபை ஆள்கிறது. அதற்குத் தலைவி மூடுபனி. அவளுக்கு முஷ்டி பலம் கிடையாது. கையை விரித்தால் மலை முழுக்கப் பனி இறங்கும். அதற்குள் அவள் விரும்புகிறவருக்குத்தான் வழி தெரியும். அவளை உண்டாக்கியது நான். அவள் வாயில் வருவது ஏலப்பாறை லயத்துப் பேச்சு, நான் பிறந்து வளர்ந்த தேயிலை எஸ்டேட்டின் பேச்சு. சபையில் அவளுக்கு அடுத்தபடி இடிவேந்தன். அகன்ற மார்பு, அதைவிட அகன்ற வாய்.

ஆசிரியருக்குச் சட்டம் என்றால் உயிர். கதைக்குள் இருக்கிற சபைக்கே அவர் ஒரு சட்டம் எழுதி, ஒவ்வொரு இதழின் பின்னட்டையிலும் போட்டார். தலைமையை மாற்ற வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் உண்டு. அன்றைக்கு ஏழு பேரில் நாலு பேர் எதிர்த்தால் தலைவர் இறங்கிவிட வேண்டும். இதெல்லாம் அவருடைய ஏற்பாடு. அந்தச் சட்டத்தில் என் கை பட்டது ஒரே இடத்தில்தான்.

முதல் இதழ் எழுதும்போது, ஒரு சபை எப்படிக் கூடும் என்றே எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே கூட்டம் எஸ்டேட்டில் தினமும் நடக்கிற பெரட்டு. விடிந்ததும் எல்லோரும் களத்தில் வந்து நிற்பார்கள், சூப்பர்வைசர் பேர் கூப்பிடுவார். குரல் கொடுத்தவருக்கு அன்றைக்கு வேலை உண்டு. பிந்தி வந்தவர் யாராயிருந்தாலும் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அதையே கதையிலும் எழுதிவைத்தேன். விடியலில் உச்சிப்பாறையில் தலைவி பேர் கூப்பிடுவாள். குரல் கொடுக்காதவருக்கு அன்று சபையில் வாய் கிடையாது, அவர் வோட்டும் செல்லாது.

ஆசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். "பறக்கறவாளுக்கெல்லாம் அட்டெண்டன்ஸா? நன்னாயிருக்கே. இருக்கட்டும், எதுக்கும் ஒரு முறை வேணுமாக்கும்" என்று சட்டத்தில் சேர்த்துக்கொண்டார்.

சதி வெளியே வந்தது ஓவியர் மூலமாக. அன்று அவர் கடைக்கு உரம் வாங்க வந்திருந்தார். மனுஷருக்குப் பொய் சொல்ல வராது, ரகசியமும் நிற்காது.

"ஏனுங்கம்மிணி, இடிவேந்தனுக்குக் கிரீடம் வரையச் சொல்லியிருக்காருங்க. தங்கக் கலர் நல்லாருக்குமா, வெள்ளியாங்க?" என்றார்.

"அவனுக்கு எதுக்குங்க கிரீடம்?"

அவர் முகம் அப்படியே விழுந்துவிட்டது. "உங்ககிட்ட இதையப் பத்திப் பேசலைங்களா? ஆசிரியர் ஊட்டுல வச்சுப் பேசுனமுங்க. நான் பெருசா ஒண்ணும் சொல்லலைங்க. சரின்னு மட்டுந்தான் சொன்னனுங்க."

சரி என்று மட்டும் சொன்னாராம். எனக்கு வந்த கோபத்தில் அவர் உர மூட்டையை அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். வாங்க வந்தவர்கள் வரிசையில் நிற்க, அப்போதே ஆசிரியருக்குப் போன் போட்டேன்.

அவர் மறைக்கவில்லை. "தப்பா எடுத்துக்கப்டாது. படிக்கற பையன்களுக்கு இடிவேந்தனைத்தான் பிடிச்சிருக்காம். பொம்மனாட்டி தலைமையில கதை போனா விக்க மாட்டேங்கறதுன்னு நம்ம விநியோகஸ்தர் சொல்றார். மூடுபனியை இறக்கிடலாம்னு மூணு பேரும் தீர்மானிச்சுட்டோம். அடுத்த இதழோட உங்க பாகம் முடியறது. அப்புறம் வேற ஒருத்தர் எழுதுவார்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்கோ சண்டை போடுவேள்."

அது உண்மைதான். அதற்காகச் சொல்லாமல் இருந்துவிடுவதா?

பிறகு அவர் குரலை இறக்கி, மரியாதையாகவே கேட்டார். அந்தக் கடைசி இதழை நானே கௌரவமாக முடித்துத் தர வேண்டுமாம். மூடுபனிக்கு எதிராக நாலு வோட்டு விழ வேண்டும், எல்லாம் சட்டப்படி நடக்க வேண்டும், அந்த இரண்டை மட்டும் மாற்றக்கூடாது. மற்றதெல்லாம் என் இஷ்டம். சரி என்று சொல்லிப் போனை வைத்தேன். அன்றைக்கு ஒருவருக்கு இரண்டு தடவை பில் போட்டேன்.

என் பிள்ளையின் கழுத்தை நானே நெரித்துத் தர வேண்டும், அதையும் அழகாகச் செய்ய வேண்டும். எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. மூடுபனி நாலு பேர் முன்னால் தலைகுனிந்து மலையிறங்குவதை எத்தனையோ விதமாக எழுதிக் கிழித்தேன். நான் முணுமுணுப்பதைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர், "ரெண்டு நாளைக்கு உங்கம்மா ஊட்டுக்குப் போயிட்டு வா" என்றார். கிளம்பிவிட்டேன்.

ஏலப்பாறையில் அம்மா இன்னும் லயத்து வரிசைவீட்டில்தான் இருக்கிறார். போன மறுநாள் காலையில் முகம் கழுவிக்கொண்டிருக்கிறேன், வேலைக்குப் போன பக்கத்து வீட்டு அக்கா அதற்குள் திரும்பி வருகிறார். பின்னாலேயே இன்னும் மூன்று பேர். நாலு பேர் முகத்திலும் அசடு வழிகிறது. கொழுந்துச் சாக்கை வாசலில் விட்டெறிந்தார் அக்கா.

"என்னக்கா, சுகமில்லையா?"

"சுகத்துக்கு என்னட்டி குறைச்சல்? திருப்பி அனுப்பிட்டான் அந்தச் சூப்பர்வைசர்."

"ஏன்?"

அக்கா மற்ற மூவரையும் பார்த்தார். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அக்கா சொன்னார்: "அவன எப்பிடியாவது இங்கருந்து மாத்தணும்னு பைப்படியில நின்னு பேசிக்கிட்டு இருந்தோம். யார் யார் ஆபீசுல போய்ச் சொல்லணும், எப்பிடிச் சொல்லணும்னு எல்லாம் முடிவு பண்ணிட்டோம். அங்க போனா, அவன் பெரட்ட முடிச்சிட்டு நிக்கான். 'போங்க, நாளைக்கு வாங்க'ன்னுட்டான்."

அவனுக்கு எதிராகக் கூடிப் பேசியதில், அவன் பேர் கூப்பிட்டபோது நாலு பேருமே இல்லை! நான் சிரித்த சிரிப்பில் அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். சிரிக்கும்போதே உச்சிப்பாறை கண்முன் வந்தது. நோட்டை எடுத்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்தேன். எழுந்தபோது அம்மா பக்கத்தில் வைத்துவிட்டுப் போன காபி ஆறி ஆடை படர்ந்திருந்தது. கதை முடிந்திருந்தது.

ஆசிரியர் கேட்டதில் ஒன்றையும் நான் மாற்றவில்லை. தலைமையை மாற்றலாம் என்ற அந்த ஒரே நாளில், விடிவதற்கு முன்னால், இடிவேந்தன் மூன்று வீரர்களைத் தன் குகைக்குக் கூப்பிடுகிறான். கூட்டம் நீள்கிறது. யாருக்கு எந்தப் பதவி, யாருக்கு எந்த மலை என்று பேசித் தீரவில்லை. கடைசியில் நாலு பேரும் கை தூக்கி மூடுபனிக்கு எதிராக வோட்டுப் போடுகிறார்கள். நாலு வோட்டு, குறையவில்லை. மார்பை நிமிர்த்தி உச்சிப்பாறைக்குப் பறந்து வருகிறார்கள். அங்கே வெயில் ஏறிவிட்டது. மூடுபனி பேர் கூப்பிட்டு முடித்து, மற்ற இருவரோடு நின்றுகொண்டிருக்கிறாள்.

இடிவேந்தன் வாயைத் திறக்கிறான். அவள் கையைக் காட்டுகிறாள். "பேர் கூப்பிட்டாச்சு. இன்னைக்கு உங்களுக்கு இங்க வாய் கெடையாது. போங்க, நாளைக்கு வாங்க."

நாளைக்கு வந்து என்ன செய்ய? வருஷத்தில் ஒரே நாள்தானே. இன்னும் ஒரு வருஷத்துக்கு அவளே தலைவி.

முதலில் ஓவியரிடம்தான் கொடுத்தேன். தோப்பில் வாய்க்கால் ஓரமாக நின்றபடி படித்தார். கடைசிப் பக்கம் வந்ததும் தலையைச் சொறிந்தார்.

"அம்மிணி, உங்களைத் தள்ளுனதுல நானும் ஒரு ஆளுங்க."

"தெரியும்ங்க."

"ஆனாலும் இதைய நான்தானுங்க வரையோணும். வேற ஒருத்தன் வரைஞ்சா எனக்குத் தூக்கம் வராதுங்க."

வரைந்தார் பாருங்கள்! இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே படம். உலகத்தையே புரட்டுகிற நாலு பலசாலிகள், சிறகும் கவசமும் கிரீடமுமாக, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தேயிலைச் சரிவில் நடந்து இறங்குகிறார்கள். கிரீடத்துக்குத் தங்கக் கலர் அடித்திருந்தார். இடிவேந்தன் வெறும் கொழுந்துச் சாக்கு ஒன்றைத் தோளில் போட்டிருந்தான். அது நான் எழுதாதது, ஓவியரின் சொந்தச் சரக்கு.

பக்கங்களை எடுத்துக்கொண்டு நானும் ஓவியரும் அச்சகத்துக்குப் போனோம். விநியோகஸ்தரும் அங்கே இருந்தார். என்னைக் கண்டதும் தன் போனில் என்னவோ தேட ஆரம்பித்தார். ஆசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். நான் உட்காரவில்லை. ஒருமுறை படித்து முடித்துத் திரும்ப முதலிலிருந்து படித்தார். பழைய இதழ் ஒன்றின் பின்னட்டையைத் திருப்பி அவருடைய சட்டத்தையும் பார்த்தார்.

"இது நடக்காதுண்ணே," என்றார் விநியோகஸ்தர். "நாலு பேரும் வோட்டுப் போட்டாச்சுல்லா? அப்ப அவ இறங்கணும்லா? கச்சவடம்னு ஒண்ணு இருக்கு, விக்கணும்லா."

ஆசிரியர் அவரைப் பார்க்கவேயில்லை, என்னைத்தான் பார்த்தார். "நாலு வோட்டு விழுந்திருக்கு. சட்டமும் மீறலை. என்ன தப்பு சொல்றது இதுல?" பிறகு சொல்ல மனமில்லாமலே சொன்னார்: "என்னோட சட்டத்தை வச்சே என்னை மடக்கிட்டேள். அச்சுக்குப் போகட்டும்."

வெளியே வந்ததும் ஓவியர் எனக்கு ஒரு சர்பத் வாங்கிக் கொடுத்தார். ஆனால் எனக்கு முழு நிம்மதி இல்லை. மூடுபனி பிழைத்துவிட்டாள். நான்? அடுத்த இதழை வேறொருவர் எழுதுவார் என்ற தீர்மானம் அப்படியேதான் இருந்தது. அதைப் பற்றி ஆசிரியர் வாய் திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் என் மானம் என்னாவது?

இதழ் வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை விநியோகஸ்தர் ஏலப்பாறை பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் செய்தார். பின்னால் ஒரே சத்தம்.

"அக்கா, கட்டு பிரிச்ச உடனே காலியாயிட்டு. பையன்க இல்லக்கா, பூராவும் பொம்பளைக. கோயில் முடிஞ்சு வாராக, கும்பலா நின்னு அந்தப் படத்தப் பாத்துப் பாத்துச் சிரிக்காக. ஒருத்தி இன்னொருத்திகிட்ட நடிச்சே காட்டுதா. கடைக்காரர் இன்னொரு கட்டு கேக்காரு."

"சந்தோஷம்."

"இன்னொண்ணுக்கா." அவர் தயங்கினார். "ஒரு பெரியம்மா என் சட்டையப் பிடிக்காத குறையாக் கேக்காக. 'யாருலே அவள இறக்கப் பாத்தது? பேரச் சொல்லு'ன்னு. கதையில உள்ளவன்னுதான் சொன்னேன். என்னையே பாத்துக்கிட்டு நின்னாக. முழிச்சேன்க்கா."

உரக்கடை என்றும் பாராமல் வாய்விட்டுச் சிரித்தேன். மாசக்கணக்காக உள்ளே கட்டிக்கொண்டிருந்தது எல்லாம் அந்தச் சிரிப்பில் கரைந்து போனது. வெற்றி என்றால் இதுதான் என்று அந்த நிமிஷம் தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது.

மறுநாள் ஆசிரியர் கூப்பிட்டார். சுற்றி வளைத்தார், மழையை விசாரித்தார், பிள்ளைகளின் படிப்பை விசாரித்தார். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். வேறொருவர் எழுதுவதாக இருந்ததே, அவர் இந்த இதழைப் படித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாராம். அந்தப் பெண் அடுத்து என்ன செய்வாள் என்று தனக்குத் தெரியாது, அவளை எழுதியவருக்குத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டாராம்.

"அதனால நீங்கோதான் தொடரணும். வெள்ளிக்கிழமை நம்ம ஆத்துல ஒரு கூட்டம். நீங்களும் அவசியம் வரணும்."

நான் கடைக்கு வந்தவருக்கு ஒரு பில் போட்டு, மீதிச் சில்லறை கொடுத்து அனுப்பினேன். ஆசிரியர் மறுமுனையில் காத்திருந்தார்.

"எழுதுறேன்," என்றேன். "ஆனா கல்பாத்திக்கு வர எனக்குத் தோதுப்படாது. இனிமேல் கூட்டமெல்லாம் எங்க வீட்டுல."

"கொழிஞ்சாம்பாறையிலயா?" என்றார். பிறகு, "சரி" என்றார்.

வெள்ளிக்கிழமை மூன்று பேரும் வந்தார்கள். காபியை என் மாமியார் போட்டுக் கொடுத்தார். யார் இவர்கள் என்று பக்கத்து வீட்டில் கேட்டதற்கு, "எங்க மருமவகிட்டக் கதை கேக்க வந்திருக்காங்க" என்று அவர் சொன்னது உள்ளே எங்கள் நாலு பேருக்குமே கேட்டது.